வீரகத்தியார் பேர் விழுந்த மாடுகள்

புளியங்குளத்திலிருந்து நெடுங்கேணிக்குப் போகும் ரோட்டில் ஓரிடத்தில் ஒரு வண்டிப்பாதை பிரிந்து காட்டுக்குள் போகிறது. அந்த இடத்துக்கு வீரகத்தி சந்தி என்று பெயர். பாதையோடு போனால் முதலில் குளக்கட்டு தெரியும். அது வீரகத்தியார் குளம். குளத்தின் கீழே பரந்து கிடப்பது வீரகத்தியார் வெளி. கட்டு முடிகிற இடத்தில் அரைச்சுவரும் ஓலைக்கூரையுமாக நிற்பது வீரகத்தி வித்தியாசாலை. குளத்தில் ஒரு கிழட்டு முதலை கிடந்தது. ஈச்சமோட்டை ஊராரின் ஆடுகளையும் நாய்களையும் தின்று கொழுத்தது அதுதான். பெரிய வீட்டாருக்குக் கேட்காத இடத்தில் சனங்கள் அதையும் வீரகத்தி என்றே சொன்னார்கள்.

பெரிய வீட்டில் தலைப்பிள்ளைக்குப் பாட்டன் பேரை வைப்பது வழக்கம். ஆகவே ஒரு வீரகத்தி சாகும்போது இன்னொரு வீரகத்தி எங்காவது தவழ்ந்துகொண்டிருப்பான். காட்டை வெட்டிக் குளத்தைத் திருத்தியவர் முதலாவது வீரகத்தி. அவருடைய பேரன்தான் ஐம்பதுகளில் ஊரை ஆண்ட வீரகத்தியார். அவருடைய பேரனும் வீரகத்தி. அவன் யாழ்ப்பாணத்தில் விடுதியில் நின்று படித்தான். வேறு பேர் வாய்த்த பிள்ளைகள் பேருக்கு முன்னால் ஒரு 'வீ'யைப் போட்டுக்கொண்டார்கள். அவர்களுடைய மாடுகளுக்கும் அதே எழுத்துத்தான்: பின் தொடையில் ஒரு வீ, அதன் கீழே ஒரு வேல். அந்தக் குறியோடு ஒரு மாடு எந்தக் காட்டில் நின்றாலும் ஒருவரும் கயிறு எடுக்க மாட்டார்கள்.

குளத்துக்கும் சந்திக்கும் மாட்டுக்கும் இல்லை என்று சொல்லாத பேரை வீரகத்தியார் ஒருவனுக்கு மட்டும் கொடுக்கவில்லை. அவன் பாலன்.

பாலனின் தாய் இலட்சுமி பெரிய வீட்டில் நெல்லுக் குத்த வந்தவள். குளக்கட்டுக்கு அங்காலே, காட்டோரம், ஒரு குடிலில் இருந்தாள். வீரகத்தியார் அந்தக் குடிலுக்குப் போய் வந்தது ஊரில் எல்லோருக்கும் தெரியும். பாலனுக்கு அவருடைய அகன்ற நெற்றியும் நடக்கும்போது இடது தோளைச் சரிக்கும் பழக்கமும் அப்படியே வந்திருந்ததும் எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததை ஒருவரும் வாயால் சொன்னதில்லை. மற்றவர்களைத் தகப்பன் பேர் சொல்லிக் கூப்பிட்ட ஊர் அவனை மட்டும் 'லச்சுமி பாலன்' என்றது. அதைச் சொல்லும்போது வாயில் ஒரு கோணல் வரும்.

இலட்சுமி அந்தக் கோணலுக்குப் பழகிவிட்டாள். சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு, வீரகத்தியாரைப் பற்றிப் பேச வேண்டி வந்தால் 'அந்தாள்' என்று மட்டும் சொல்லுவாள். பாலனால் பழக முடியவில்லை. கண்ணாடி இல்லாத வீட்டில் வளர்ந்தவன் குளத்துத் தண்ணீரில் தன் நெற்றியைப் பார்ப்பான். அந்தப் பேர் வந்தால் தனக்கு என்ன கூடிவிடும் என்று தன்னையே கேட்பான். வயிறு நிரம்புமா? கூரை ஒழுகாமல் இருக்குமா? ஒன்றும் இல்லை. ஆனாலும் வேண்டும்போல் இருந்தது. ஓமந்தையிலிருந்து ஒருமுறை மாப்பிள்ளை கேட்டு வந்த பேச்சு, "பொடியன்ரை தேப்பன் ஆர்?" என்ற இடத்தில் நின்று, அதற்குப் பிறகு அசையவில்லை. அன்றிலிருந்து அந்த ஆசை அவனுக்குள் ஒரு முள்ளைப்போலக் கிடந்தது.

அவனுக்குத் தெரிந்த தொழில் ஒன்றுதான். காட்டில் ஆளில்லாமல் பெருகித் திரியும் குழுமாடுகளை மான்தோல் வார்க்கயிறு போட்டுப் பிடிப்பான். அவை தண்ணீர் குடிக்க மடுவுக்கு வரும் வழியில் மரத்தில் பதுங்கியிருந்து, கொம்பில் சுருக்கை விழுத்தி, கயிற்றை மரத்தோடு சுற்றிவிட வேண்டும். தப்பினால் குடலை எடுத்துவிடும். அவனுடைய விலாவில் ஒரு நீளத் தழும்பு இருந்தது. பிடித்த மாட்டைப் பட்டினி போட்டு, பழகிய மாட்டோடு பிணைத்துக் கட்டி, மெல்ல மெல்லச் சாதுவாக்குவான். இப்படியே முப்பது வயதுக்குள் நாகு கன்றுகளும் நாம்பன் காளைகளும் பசுக்களுமாக ஒரு பட்டி சேர்ந்துவிட்டது. நெற்கதிர்ச் சூடு மிதிக்கவும் வயல் மிதிக்கவும் ஊரார் அவனுடைய மாடுகளைத்தான் கேட்டு வந்தார்கள். மாடு வேண்டும், மாட்டுக்காரனுக்கு இருக்கக் கதிரை போடமாட்டார்கள்.

ஒரு குறையும் அந்தப் பட்டியில் இருந்தது. ஒரு மாட்டிலும் குறி இல்லை.

வவுனியாவிலிருந்து மாடு வாங்க வருகிற, பாலன் அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடும் அன்ஸார் அதைச் சொல்லிச் சலித்துவிட்டார். அவர் வெள்ளைத் தொப்பியும் அகன்ற தோல் பெல்ட்டுமாக வந்து, மாடுகளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, பல்லைப் பிடித்துப் பார்த்து, கடைசியில் கையை விரிப்பார்.

"தம்பி பாலன், தங்கமான மாடு. ஆனா வெறுந்தொடையோடை நான் என்னெண்டு ரோட்டிலை கொண்டு போறது? ஓமந்தை தாண்டமுன்னம் பொலிஸ்காரன் என்னைக் கள்ளனாக்கிப்போடுவான்."

"குறி சுடுவம் நானா. கொஞ்சம் பொறுங்கோ."

"எத்தினை வருசமாப் பொறுக்கிறது? ஒரு கம்பியை வளைச்சு 'பா' எண்டு சுடன். ஆர் வேண்டாம் எண்டது?"

ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பாலனுக்குத்தான் அந்தக் கம்பியை வளைக்க மனம் வரவில்லை. 'பா' என்று சுட்டுவிட்டால் அது தானே தனக்குப் போடுகிற முற்றுப்புள்ளி என்று அவனுக்குப் பட்டது. அதை அன்ஸாரிடம் சொல்ல முடியுமா?

ஐம்பத்தொன்பதாம் ஆண்டு தை மாசத்தில் வீரகத்தியார் செத்தார். பாலன் காட்டில் பாலைமர விறகு வெட்டி, வண்டியில் ஏற்றிச் சுடலைக்குக் கொண்டுபோனான். விறகை அடுக்கிவிட்டு ஓரமாக நின்றான். மூத்த மகன் கதிர்காமநாதன் கொள்ளிக்குடத்தோடு நின்றபடியே அவனைத் திரும்பிப் பார்த்தார்.

"விறகைப் பறிச்சு இறக்கியாச்சுத்தானே? பிறகென்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய்? வண்டியைக் கொண்டு போ."

அவ்வளவு சனத்துக்கு முன்னால் பாலன் வண்டியைத் திருப்பினான். புகை கிளம்பியபோது அவன் குளக்கட்டில் போய்க்கொண்டிருந்தான்.

அந்தக் கதிர்காமநாதன்தான் அடுத்த வருசம் பங்குனியில், நெல்லு வெட்டு முடிந்து வயல் காய்ந்து கிடந்த நாளில், இலட்சுமியின் குடிலுக்கு வந்தார். வெள்ளை வேட்டியும் தோளில் சால்வையுமாகப் படலையில் நின்று செருமினார். அந்தப் படலைக்குள் அவர் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. இலட்சுமி எழும்பவில்லை. பாலன் பாய்ந்து போய்ப் பாயை விரித்தான். அவர் இருக்கவில்லை.

"பாலன், ஒரு விசயம் கதைக்க வந்தனான். நாளையிண்டைக்குப் பட்டியிலை குறி சுடுறம். உன்ரை மாடுகளையும் கொண்டு வாவன்."

பாலனுக்கு விளங்கவில்லை. "எங்கை கொண்டு வாறது?"

"எங்கடை பட்டிக்குத்தான். அப்பற்றை ஆண்டுத்திவசம் முடிஞ்சுது. மனிசனைப் போகவிட்டிட்டு இனி என்னத்துக்குப் பகை? நீயும் அவரின்ரை பிள்ளைதானே."

அவர் அதைச் சும்மா, மழை வரும்போலிருக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னார். பாலனுக்குக் காது அடைத்தது. "ஓம்" என்றான்.

அவர் போன பிறகு இலட்சுமி சுருட்டை நிலத்தில் தேய்த்தாள்.

"அவன் என்னத்துக்கு வந்தவன்?"

"கேட்டனிதானே அம்மா. குறி சுட."

"காதாலை கேட்டனான். என்னத்துக்கு வந்தவன் எண்டு கேக்கிறன். அந்தாளின்ரை மூத்தவன் ஆதாயமில்லாமல் மூத்திரம் பெய்யவும் எழும்பான்."

"உனக்கு எல்லாரிலையும் சந்தேகம்."

"மாட்டிலை ஆரின்ரை குறியோ, அவரின்ரை மாடு. காட்டிலை திரியிற உனக்கு இது தெரியாதோ?"

தெரியாமல் என்ன? ஆனால் அன்றைக்கு அவன் மாட்டைப் பற்றியா நினைத்தான்! மாட்டின் தொடையில் விழப்போகிற எழுத்தைப் பற்றி நினைத்தான். தகப்பன் குறியை வைக்கிற உரிமை பிள்ளைக்குத்தான் உண்டு. ஆகவே அந்தக் குறி தன் மாட்டில் விழுந்தால் தான் பிள்ளை. அவனுடைய கணக்கு அதோடு முடிந்துவிட்டது. அந்தக் கணக்குக்கு இன்னொரு பக்கமும் இருந்ததை இலட்சுமி சொன்னாள். அவன் கேட்கவில்லை.

குறி சுடுகிற நாளில் பெரிய வீட்டுப் பட்டியில் வறட்டியும் விறகும் எரிந்தன. இனத்தவர்கள், மைத்துனர்கள், கூலியாட்கள் என்று சனம். மாட்டை விழுத்தி நாலு காலையும் கட்டிப் பிடிக்க, கதிர்காமநாதனே சூட்டுக்கோலை எடுத்து அமர்த்தினார். மயிர் கருகும் மணமும் மாடுகளின் கதறலுமாகப் பட்டி கலங்கியது. வெளியார் மாட்டை எல்லாம் பட்டிக்குள் விடுவதா என்று மைத்துனர் ஒருவர் முணுமுணுத்தார். "சும்மா இரும்" என்று கதிர்காமநாதன் அவரை அடக்கினார்.

பாலன் தன் மாடுகளைத் தானே விழுத்தினான். விலாவில் தழும்பைப் போட்ட செவலை நாம்பனின் தொடையில் கோல் விழுந்தபோது அதன் தலையை மடியில் வைத்து அமர்த்திப் பிடித்திருந்தான். புகை விலகியதும் சிவந்து ஈரமாகத் தெரிந்தது வீ. அதன் கீழே வேல். அவன் தேங்காயெண்ணெயும் மஞ்சளும் குழைத்துப் பூசினான்.

போகும்போது, "அப்ப நான் வாறன் அண்ணை" என்றான். அந்தச் சொல்லை அவன் வாழ்க்கையில் முதல்முறையாக அந்த மனிதருக்குச் சொன்னான். கதிர்காமநாதன் கேட்டாரோ இல்லையோ, அடுத்த மாட்டைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களில் பாலன் கொஞ்சம் மாறிப்போனான். சந்திக் கடையில் தேத்தண்ணி குடிக்கும்போது வெளியில் நிற்காமல் உள்ளே போய் மர வாங்கிலில் இருந்தான். கதைக்கிடையில் தேவையில்லாமல் "எங்கடை பட்டி" என்றான். ஊர் அதை விடுமா? "என்ன வீரகத்தி, வயல் பாக்க வெளிக்கிட்டியோ?" என்று ஒருத்தன் கேட்பான். "குளத்தைத் திறந்துவிடச் சொல்லுங்கோ முதலாளி" என்று இன்னொருத்தன் சிரிப்பான். "தள்ளி இருங்கோடா, சின்ன முதலை வருது" என்று கடைக்காரன் சொல்ல, கடையே சிரித்தது. பாலனும் சிரித்தான். சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து, அவர்களுக்கு எரிச்சல் என்று தாய்க்குச் சொன்னான். இலட்சுமி அடுப்பை ஊதினாள்.

அடுத்த வருசம் ஆடியில் அன்ஸார் வந்தார். தனியாக வரவில்லை. கையில் தடியோடு மாடு சாய்த்து ஓட்டுகிற ஆட்கள் நாலைந்து பேர் அவர் பின்னால் நின்றார்கள். பாலன் வெளியே வந்து சிரித்தான்.

"என்ன நானா, இந்த முறை குறியைக் கண்டவுடனை படையோடை வந்திருக்கிறியள்? நான் விக்கிற எண்ணத்திலை இல்லையே."

அன்ஸாரின் முகம் சிரிக்கவில்லை. "உனக்குச் சொல்லேல்லையோ?"

"என்னத்தை?"

"உங்கடை அண்ணர் பட்டி முழுக்க எனக்குக் குடுத்திட்டார். அச்சாரமும் வாங்கிப்போட்டார். உழவு மெசின் எடுக்கப் போறாராம். அங்கை நிக்கிறது போதாதெண்டு, குளத்துக்கு அங்காலையும் எங்கடை குறியோடை நிக்குது, போய்ச் சாய்ச்சுக்கொண்டு போம் எண்டு சொன்னவர். நீ அவரின்ரை மாட்டை மேய்க்கிறாய் எண்டெல்லோ சொன்னவர்."

பாலன் உள்ளே போய்க் காட்டுக்கத்தியை எடுத்துக்கொண்டு வந்து பட்டி வாசலில் நின்றான்.

"நானா, உங்களோடை எனக்குக் கோவமில்லை. ஆனா ஒரு மாடு இந்தக் கடவையைத் தாண்டினா இஞ்சை ரத்தம் விழும்."

அன்ஸார் தடிக்காரரைப் பின்னுக்கு வரச்சொன்னார். "கத்தியை வை, தம்பி. அண்ணன் தம்பி வழக்குக்குள்ளை நான் மாடு வாங்க வரேல்லை. விதானையாரிட்டைப் போங்கோ. தீந்த பிறகு எனக்குச் சொல்லியனுப்புங்கோ." போகும்போது திரும்பிப் பார்த்து, "அண்டைக்கே 'பா' எண்டு சுடச் சொன்னனான்" என்றார்.

குடிலுக்குள்ளிருந்து தாய் ஏதாவது சொல்லுவாள், 'நான் சொன்னேனே' என்று ஏசுவாள் என்று அவன் காத்திருந்தான். ஏசியிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் குளக்கட்டு ஐயனார் கோயிலடியில், ஊர்த்தலைமை உத்தியோகத்தில் இருந்த விதானையார் விசாரணை வைத்தார். அவர் வெளியூர்க்காரர், குடையும் கோட்டுமாக வந்து மரத்தடியில் கதிரை போட்டு இருந்தார். அவர் சொன்னபடி பாலன் தன் மாடுகளைச் சாய்த்துக்கொண்டு வந்து மருதமரங்களில் கட்டியிருந்தான். கதிர்காமநாதன் ஒரு பக்கம், அவருக்குப் பின்னால் மைத்துனர்கள். மறுபக்கம் பாலனும் இலட்சுமியும். நடுவில் ஊர். வேடிக்கை பார்க்க ஊர் எப்போதாவது பிந்தி வந்ததுண்டா?

கதிர்காமநாதன்தான் முதலில் கதைத்தார். "இதிலை விசாரிக்க என்ன கிடக்கு? மாட்டின்ரை தொடையைப் பாருங்கோ. ஆரின்ரை குறி அது? அப்பற்றை குறி. அப்பற்றை குறியோடை நிக்கிறது அப்பற்றை சொத்து."

"காட்டிலை பிடிச்சது நான்!" என்று பாலன் கத்தினான். "ஊருக்கே தெரியும். இவர்தான் வீட்டை வந்து கூப்பிட்டவர். நீயும் அவரின்ரை பிள்ளைதானே எண்டு சொல்லித்தான் கூப்பிட்டவர்!"

"அப்பிடி நான் சொல்லேல்லை."

"என்ரை முற்றத்திலை நிண்டு சொன்னனீர்" என்றாள் இலட்சுமி. அவள் குரல் உயரவில்லை.

விதானையார் கையைத் தூக்கினார். கொஞ்சம் யோசித்தார். பிறகு பாலனைப் பார்த்து, "நீ வீரகத்தியாற்றை பிள்ளை எண்டு சொல்லுறியோ?" என்றார்.

முப்பது வருசமாக ஒருவரும் அவனிடம் அதைக் கேட்டதில்லை. ஊர் முழுவதும் அவன் வாயைப் பார்த்தது. சந்திக் கடைக்காரன் சிரிப்பதற்கு ஆயத்தமாக நின்றான். பாலன் ஓரடி முன்னால் வந்தான்.

"ஓம். நான் வீரகத்தியாற்றை பிள்ளை."

ஒருவரும் சிரிக்கவில்லை.

"சரி" என்றார் விதானையார். "அப்ப இந்த மாடு தேப்பன்ரை சொத்து. தேப்பன்ரை சொத்தெண்டால் இவனுக்கும் பங்கு. மாட்டிலை மட்டுமில்லை கதிர்காமர். வயலிலையும் வளவிலையும் எல்லாத்திலையும். நீங்களே தேப்பன்ரை குறியை உங்கடை கையாலை இவன்ரை மாட்டிலை வைச்சிருக்கிறியள். கோட்டிலை நீதவான் கேட்டா என்ன சொல்லப் போறியள்?"

மைத்துனர்கள் நடுவே ஒரு சலசலப்பு எழுந்தது. ஒருவர் கதிர்காமநாதனின் சால்வையைப் பிடித்து இழுத்துக் காதுக்குள் ஏதோ கடுமையாகச் சொன்னார். கதிர்காமநாதனின் முகம் கறுத்தது. மாட்டைப் பிடிக்க எறிந்த கயிறு தன் கழுத்தில் விழுந்ததை அவர் அப்போதுதான் கண்டார்.

"இவன் எங்களுக்கு ஒருத்தனுமில்லை" என்றார்.

"அப்ப மாடு?"

"மாடும் எங்கடை இல்லை. பட்டியிலை கலந்து நிண்டதிலை பிழையாச் சுட்டுப்போட்டம்."

"அதைக் கற்பூரத்திலை சொல்லுவியளோ?"

"சொல்லுறன்."

விதானையார் பாலன் பக்கம் திரும்பினார். "பாலன், கேட்டியோ? அவர் சத்தியம் பண்ணினா மாடு உனக்கு. இண்டைக்கே அவிட்டுக்கொண்டு போ. ஆனா அதுக்குப் பிறகு பிள்ளை, பங்கு எண்டு ஒரு கதையும் வரக்கூடாது. இல்லை, நான் பிள்ளைதான் எண்டு நிண்டியெண்டால் வவுனியாக் கோட்டுக்குப் போ. ஞாயம் உன்ரை பக்கம் இருக்கலாம். வழக்கு முடியுமட்டும் மாடு உனக்குமில்லை, அவருக்குமில்லை. எது உனக்கு வேணும்?"

பாலன் மாடுகளைப் பார்த்தான். கயிற்றை இழுத்துக்கொண்டு நின்ற செவலையைப் பார்த்தான். எத்தனை வருசம் மரத்தில் ஏறி, முள்ளில் கிழிந்து, பட்டினி கிடந்து சேர்த்த உயிர்கள்! கோட்டுக்குப் போக அவனிடம் வேறு என்ன இருக்கிறது? ஆனால் இப்போதுதான், இந்த மரத்தடியில்தான், தன் வாயால் அந்தப் பேரைச் சொன்னான். சொன்ன சூடு இன்னும் நாக்கில் கிடந்தது. தாயைத் திரும்பிப் பார்த்தான். இலட்சுமி அவனைப் பார்க்கவில்லை; ஐயனாரின் மண்குதிரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உதவமாட்டாள் என்று விளங்கியது.

"எனக்கு மாடு போதும்" என்றான்.

பூசாரி கல்லில் கற்பூரம் வைத்துக் கொளுத்தினார். காற்று இல்லை, சுவாலை நேராக நின்றது. கதிர்காமநாதன் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

"இந்த மாடுகளிலை எங்கடை அப்பாவுக்குப் பங்கில்லை" என்றார். பிறகு, "இவன் எங்கடை அப்பாவுக்குப் பிறந்தவனில்லை. இது ஐயனார் அறியச் சத்தியம்" என்றார். உள்ளங்கையை விரித்துச் சுவாலைக்கு மேலே கொண்டுபோனார். கை அங்கே நின்றது.

பொய்ச் சத்தியம் செய்தவனை ஐயனார் என்ன செய்வார் என்று அந்த ஊரில் பிறந்த ஒருவருக்கும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. கதிர்காமநாதனின் கை சுவாலைக்கு ஒரு சாண் மேலே நின்று, கீழேயும் வராமல் பின்னேயும் போகாமல், மெல்ல ஆடியது. நெற்றியில் வியர்வை துளிர்த்தது. அந்த அகன்ற நெற்றியை இவ்வளவு கிட்டத்தில் பாலன் இதற்கு முன் பார்த்ததில்லை.

'நிப்பாட்டுங்கோ' என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவர் கையை எடுத்துவிடுவார். அதற்குத்தான் அவர் காத்துக்கொண்டு நிற்கிறார்போல் இருந்தது. பாலன் அந்தச் சொல்லைத் தேடினான். தேடியபோது, தான் அதைச் சொல்லப் போவதில்லை என்று கண்டுகொண்டான். சொன்னால் மாடு போய்விடும்.

"அத்தான், அமத்துங்கோ!" என்று பின்னாலிருந்து மைத்துனர் சீறினார்.

கதிர்காமநாதன் கண்ணை மூடிக்கொண்டு கையை வைத்து அழுத்தினார். சுவாலை அணைந்தது. அவர் கையை மூடிச் சால்வைக்குள் வைத்துக்கொண்டு, ஒருவரையும் பார்க்காமல், கட்டால் இறங்கி விறுவிறென்று நடந்தார். மைத்துனர்கள் பின்னால் ஓடினார்கள். விதானையார் குடையை எடுத்துக்கொண்டார். வந்த சனம் ஏதோ குறைந்துபோனதுபோல முணுமுணுத்தபடி கலைந்தது.

பாலன் மாடுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தான். முடிச்சு அவிழ மறுத்தது.

"கையைக் கண்டனியோ அம்மா?" என்றான். "இறங்காமல் அந்தரத்திலை நிண்டது. நான் ஆரெண்டு அவருக்குத் தெரியும். பொய் எண்டு தெரிஞ்சுதான் செய்தவர்."

"கண்டனான். உன்ரை வாயையும் கண்டனான். அதுவும் அப்பிடித்தான் நிண்டது" என்றாள் இலட்சுமி. செவலையின் கயிற்றை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். "ரெண்டுபேரும் அந்தாளின்ரை பிள்ளையள்தான். செத்தாலும் மாட்டை விடமாட்டியள்."